அஜினோமோட்டோவும் மூளைக்குள் இருக்கும் குளுட்டமேட்டும் ஒன்றுதானா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மச்சான் கிருஷ்ணகிரியில் ராத்திரி நேர ஃபாஸ்ட்ஃபுட் வண்டி போட்டிருக்கிறார். அஜினோமோட்டோ போட்டால் மூளை நரம்பு செத்துப்போகும் என்று ஒருவர் வண்டிக்கே வந்து சண்டை போட்டிருக்கிறார். அதே வாரம் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கும் இவருடைய மகள், மூளையில் ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், அடுத்ததைத் தூண்டுவதே பெரும்பாலும் குளுட்டமேட்டால்தான் என்று பாடப்புத்தகத்தைக் காட்டியிருக்கிறாள். அஜினோமோட்டோ என்பதும் குளுட்டமேட்டின் சோடியம் உப்புதான். "சார், இதில் எது பொய்?" என்று கேட்கிறார்.

இரண்டுமே முழுப் பொய் இல்லை, அதுதான் இதில் சிக்கல். நான் மருந்தியல் பாடம் எடுப்பவன், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வருஷா வருஷம் இதே கேள்வி யாராவது ஒரு மாணவரிடமிருந்து வந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள் ஒன்றேதான். 1908-ல் ஜப்பானில் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர், கொம்பு என்று அவர்கள் சொல்லும் கடற்பாசியைக் கொதிக்க வைத்த சாற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு ருசி இருக்கிறதே என்று தேடிப் போய்ப் பிடித்ததுதான் இந்தக் குளுட்டமேட். கடற்பாசிக்குப் போவானேன், பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் கிரேடு கிரேடாக லாரி ஏறுகிறதே தக்காளி, நன்றாகப் பழுத்ததில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிகிராம் வரை குளுட்டமேட் எதோடும் ஒட்டாமல் தனியாகவே கிடக்கும். காய் பழுக்கப் பழுக்க அது கூடும். செங்காயில் வைத்த ரசத்துக்கும் கனிந்து தொட்டால் உடையும் தக்காளியில் வைத்த ரசத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தில் பாதி இதுதான். தாய்ப்பாலில் தனியாகக் கிடக்கும் அமினோ அமிலங்களிலும் முன்வரிசையில் நிற்பது இதுதான்.

சரி, அப்படியானால் தக்காளிச் சட்னி தின்றவர் மூளை ஏன் பற்றிக்கொள்வதில்லை? சாப்பிட்ட குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் சுவரின் செல்களே விறகாக எரித்துத் தீர்த்துவிடுகின்றன. மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் அதைச் சுலபத்தில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டிய குளுட்டமேட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது, கடையில் வாங்குவதில்லை. சண்டைக்கு வந்தவர் சொன்ன விஷயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது மூளைக்குள். ஒரு நியூரானின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் மைனஸில் இருக்கும், டார்ச் லைட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மைனஸ் குறைந்து ஒரு அளவைத் தாண்டினால் செல் சுடும், அதாவது சிக்னலை அடுத்த ஆளுக்குக் கடத்தும். இரண்டு நியூரான்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை, நடுவில் 20 நானோமீட்டர் அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. சிக்னல் வந்ததும் இந்தப் பக்கத்து முனை சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருக்கும் குளுட்டமேட்டைச் சந்தில் கொட்டும். ஒரு பையில் சில ஆயிரம் மூலக்கூறுகள். சந்துக்குள் அதன் அடர்த்தி ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறி, ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டில் மறுபடி இறங்கிவிடும். அந்த ஒரு மில்லிசெகண்டுக்குள் அந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஏற்பிகளில், ரிசப்டார் என்று புத்தகத்தில் இருக்குமே அதில், போய் உட்கார்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

குளுட்டமேட்டுக்கென்று தனியாக நல்ல குணமோ கெட்ட குணமோ கிடையாது. எந்தக் கதவில் உட்கார்கிறது, எவ்வளவு நேரம் உட்கார்கிறது என்பதை வைத்துத்தான் அது பாடம் கற்றுத்தருமா செல்லைக் கொல்லுமா என்பது தீர்மானமாகிறது. அதனால் கதவுகளைப் பார்ப்போம்.

முதல் கதவுக்கு ஆம்பா ஏற்பி என்று பெயர். நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்து நடுவில் ஒரு துளை. ஒவ்வொரு துண்டிலும் கிளிஞ்சல் மாதிரி வாய் பிளந்த ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குளுட்டமேட் அதற்குள் விழுந்ததும் கிளிஞ்சல் மூடிக்கொள்ளும், மூடும் இழுப்பில் கீழே துளை திறக்கும். சோடியம் உள்ளே பாயும், மைனஸ் குறையும். சில மில்லிசெகண்டில் எல்லாம் முடிந்து கதவு சாத்திக்கொள்ளும். நீங்கள் இந்த வரியைப் படிப்பதற்குள் உங்கள் தலைக்குள் இது கணக்கில்லாத தடவை நடந்து முடிந்திருக்கும்.

இரண்டாவது கதவுதான் எனக்குப் பிடித்தது, வகுப்பில் இதற்கே ஒரு முழு மணி நேரம் போய்விடும். பெயர் என்எம்டிஏ ஏற்பி. இதைத் திறப்பது பேங்க் லாக்கர் மாதிரி, இரண்டு சாவி வேண்டும். ஒன்று குளுட்டமேட், இன்னொன்று கிளைசின், அல்லது அதற்குப் பதிலாக டி-செரின் என்ற இன்னொரு அமினோ அமிலம். கிளைசின் அங்கேயே பக்கத்தில் மிதந்துகொண்டிருப்பதால் இப்படி ஒரு இரண்டாம் சாவி தேவை என்பதே வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. ஜான்சன், ஆஷர் என்ற இருவர் 1987-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டு சாவியும் போட்டாயிற்று, திறந்துவிடுமா? திறக்கும், ஆனால் ஒன்றும் உள்ளே போகாது. துளைக்குள் ஒரு மக்னீசியம் அயனி வந்து அடைத்துக்கொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள நம் பக்கத்துக் கிணற்று மோட்டார் போதும். மோட்டார் ஓடும்போது ஃபுட்வால்வின் சல்லடையில் ஒரு புங்க இலை போய் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? உறிஞ்சும் வேகமே அதைப் பிடித்து வைத்திருக்கும், கையால் பிய்த்தாலும் மறுபடி போய் ஒட்டும். மோட்டாரை நிறுத்தினால் இலை தானே உதிர்ந்து மேலே வந்துவிடும். மக்னீசியமும் அப்படித்தான். அது பிளஸ் மின்னூட்டம் கொண்டது, செல்லின் உள்பக்கம் மைனஸ், அந்த இழுப்புதான் அதைத் துளையில் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் ஆம்பா கதவுகள் நிறையத் திறந்து சோடியம் வந்து உள்பக்க மைனஸ் குறைந்தால் இழுப்பு தளரும், மக்னீசியம் வெளியே போய்விடும், அப்போதுதான் வழி திறக்கும். 1984-ல் பாரிஸில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியாக இதைக் காட்டின. இதைவிட அழகான ஒரு பூட்டை எந்த ஆசாரியும் செய்ததில்லை என்பது என் கட்சி.

அழகு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதவு திறக்க இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். இந்தப் பக்கத்து நியூரான் குளுட்டமேட்டைக் கொட்ட வேண்டும், அந்தப் பக்கத்து நியூரானும் அதே சமயம் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும். ஒன்று நடந்து ஒன்று நடக்காவிட்டால் வழி இல்லை. இரண்டு சம்பவம் சேர்ந்து வந்தது என்பதை ஒரே ஒரு புரதம் கண்டுபிடித்துவிடுகிறது, பாருங்கள். சுடுபாலைக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்ட பூனை அப்புறம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே ஒதுங்குகிறதே, இது வந்தால் அது வரும் என்ற அந்த முடிச்சுக்கு அடித்தளம் இங்கே இருக்கிறது.

திறந்ததும் இதன் வழியாக சோடியத்தோடு கால்சியமும் உள்ளே வரும். கால்சியம் சாதாரண ஆள் இல்லை. செல்லுக்கு வெளியே இருக்கும் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும், அதனால் கொஞ்சம் நுழைந்தாலும் உள்ளே இருக்கும் நொதிகளுக்கெல்லாம் தகவல் போய்விடும். அவை வேலையைத் தொடங்கி அந்த இடத்துச் சுவரில் கூடுதலாக ஆம்பா கதவுகளைக் கொண்டுவந்து பொருத்தும். அடுத்த தடவை அதே அளவு குளுட்டமேட் கொட்டினால் பெரிய பதில் வரும். முயலின் மூளையில் இப்படி ஒரு இணைப்பு வலுப்பட்டு மணிக்கணக்கில் அப்படியே நிற்பதை டிம் பிளிஸ், தேரியே லோமோ இருவரும் 1973-ல் எழுதினார்கள். 1986-ல் ரிச்சர்ட் மோரிஸ் குழு எலிகளின் மூளையில் என்எம்டிஏ கதவை மட்டும் மருந்தால் அடைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தது. நீந்த முடிகிறது, கண் தெரிகிறது, ஆனால் தண்ணீருக்கடியில் நிற்க இடம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவற்றால் சரியாகக் கற்றுக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவதாகக் கைனேட் ஏற்பி என்று ஒன்று உண்டு, ஆம்பாவின் பங்காளி மாதிரி. அப்புறம் துளையே இல்லாத எட்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன, அவை உள்ளே இருக்கும் ஜி-புரதம் என்ற தகவல் கடத்தும் புரதத்துக்குச் சேதி சொல்லி மெதுவாக வேலை வாங்கும், சில வகைகள் குளுட்டமேட் கொட்டுவதையே குறைக்கச் சொல்லும். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

இந்த ஏற்பிகளை எப்படிப் பிரித்தார்கள் என்பது சுவாரசியமான கதை, அதில் நம் வீட்டு வாசலும் வருகிறது. கேட்டுக்கு மேலே வளைத்து விட்டிருப்பார்களே ரங்கூன் மல்லி, சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து மறுநாள் ரோஸாகி அப்புறம் சிவப்பாகிக் கொத்துக் கொத்தாகத் தொங்குமே, அதன் விதையைச் சீனாவில் வெகுகாலமாக வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த விதையில் இருக்கும் க்விஸ்குவாலிக் அமிலம் குளுட்டமேட் மாதிரியே வேஷம் போட்டு அதன் கிளிஞ்சலில் போய் உட்காரும். இன்றைக்கு ஆம்பா என்று சொல்வதற்கு ஆரம்பத்தில் க்விஸ்குவாலேட் ஏற்பி என்றுதான் பெயர். இந்த ஏற்பிக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும் செயற்கைப் பொருள் வந்த பிறகுதான் பெயர் மாறியது. ஜப்பானில் பூச்சி மருந்தாகக் கொடுத்த ஒரு கடற்பாசியிலிருந்து வந்தது கைனிக் அமிலம், அதனால் கைனேட் ஏற்பி. என்எம்டிஏ என்பது ஜெஃப்ரி வாட்கின்ஸ் ஆய்வகத்தில் செய்து பார்த்த பொருள். ஆக ஏற்பிகளின் பெயர் எல்லாமே அவற்றை ஏமாற்றிய பொருள்களின் பெயர், வீட்டுக்குத் திருடன் பெயரை வைத்த கதைதான். (இதைப் படித்துவிட்டு யாரும் ரங்கூன் மல்லி விதையைத் தின்று பார்க்க வேண்டாம்.)

இதே மாதிரி இன்னொரு வேஷதாரி கேசரிப் பருப்பில் இருக்கிறது. நம் மாவட்டங்களில் அது விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார் பக்கம், மழை பொய்த்து வேறு எல்லாம் காய்ந்தாலும் இது மட்டும் காய்த்துவிடும். பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் அதையே முழு உணவாகத் தின்றவர்களுக்குக் கால் விறைத்துப் போனது. முதலில் ஒரு கோல், அப்புறம் இரண்டு கோல், கடைசியில் தவழ்வது. 1964-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. எஸ். சர்மாவின் குழு, ஓசூர் தாண்டினால் வந்துவிடும் தூரத்தில், அந்தப் பருப்பிலிருந்து ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தது. அது ஆம்பா ஏற்பியில் உட்கார்ந்து விடாமல் தூண்டும் பொருள். விதவிதமாகச் சமைத்த சாப்பாட்டில் கொஞ்சம் கலந்தால் ஒன்றும் ஆவதில்லை, ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் ஒரு பங்கு போய்விடும், ஆனால் வேறு எதுவுமே இல்லாதவனை அது முடக்கியது. கனடாவில் 1987-ல் சிப்பி தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்காமல் போனது. அதற்குக் காரணமான டொமோயிக் அமிலம் கைனிக் அமிலத்தின் உறவுக்காரன்.

விடாமல் தூண்டினால் ஏன் சாக வேண்டும்? கால்சியத்தை அளவோடு விட்டால் பாடம், அடங்காமல் விட்டால் அது உள்ளே இருக்கும் புரதம் அரிக்கும் நொதிகளை அவிழ்த்துவிடும், செல்லின் சக்தி தயாரிக்கும் இடங்களைக் கெடுக்கும், செல் தன்னைத் தானே தின்று தீர்க்கும். சாதாரண நாளில் இது நடக்காமல் இருக்கக் காரணம் பக்கத்தில் நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள். கொட்டிய குளுட்டமேட்டை உடனுக்குடன் உறிஞ்சி, குளுட்டமினாக மாற்றி, நியூரானிடமே திருப்பிக் கொடுக்கும். சந்தை முடிந்த இடத்தைக் கையோடு கூட்டிவிடும் ஆள் மாதிரி. இந்தக் கூட்டும் வேலைக்குச் சக்தி வேண்டும், சக்திக்கு ரத்தம் வேண்டும்.

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைத்தால் அங்கேதான் இடி விழுகிறது. குளுட்டமேட்டை உறிஞ்சும் பம்புகள் நின்றுபோவது மட்டுமல்ல, சில தலைகீழாக ஓடி உள்ளே இருந்ததையும் வெளியே கொட்டுகின்றன. செல்லின் மைனஸ் ஏற்கெனவே போய்விட்டதால் மக்னீசிய அடைப்பும் இல்லை. அடைபட்ட இடத்தில் மட்டுமல்லாமல் சுற்றிலும் பாதி ரத்தம் வந்துகொண்டிருக்கும் பகுதியிலும் செல்கள் விழுகின்றன. பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான் போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. என்எம்டிஏ கதவைச் சாத்திவிட்டால் தப்பிக்கலாமே என்று பல கம்பெனிகள் மருந்து செய்தன, எலிகளில் பிரமாதமாக வேலை செய்தது, மனிதர்களில் வரிசையாகத் தோற்றன. ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் குளுட்டமேட் வெள்ளம் வடிந்துவிட்டிருக்கும் என்பது ஒரு காரணம், நல்ல வேலையையும் சேர்த்து மருந்து நிறுத்திவிடும் என்பது இன்னொன்று. ஆகவே இன்றைக்கும் நம்பக்கூடியது அடைப்பை எடுப்பதுதான், கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு. அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒருவருக்கு வாய் கோணி, கை தூக்க முடியாமல் போனால், வாதம் என்று எண்ணெய் தேய்க்கும் நேரமும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

கதவை அடைக்கும் மருந்துகள் வேறு இடங்களில் பிழைத்துக்கொண்டன. அறுவை சிகிச்சையில் போடும் கெட்டமைன் என்எம்டிஏ துளைக்குள்ளேயே போய் உட்காரும், அதனால்தான் அந்த மயக்கத்தில் கண் திறந்திருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். ஆல்சைமர் நோயில் தரும் மெமான்டைன் அதே துளையைப் பட்டும் படாமல் அடைக்கும். வலிப்புக்குத் தரும் பெரம்பனெல் ஆம்பாவை மடக்கும். 2007-ல் யோசெப் டால்மாவ் குழு விவரித்த ஒரு மூளை அழற்சியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என்எம்டிஏ ஏற்பிகளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறது. பெரும்பாலும் இளம்பெண்கள். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, கத்துவது, வாய் கோணுவது, வலிப்பு. நம் பக்கத்தில் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள், எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லி வைக்கிறேன்.

மக்னீசியத்தை நான் நேரில் பார்த்த கதை ஒன்று. என் தம்பி மனைவிக்கு எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் எகிறி, ஜன்னி, அதாவது வலிப்பு, வந்துவிடும் என்று பயந்து மக்னீசியம் சல்ஃபேட் போட்டார்கள், நரம்பில் ஒன்று, இடுப்பின் இரண்டு பக்கமும் ஆழமாக ஒவ்வொன்று. அந்த வலியில் அவள் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. அப்புறம் ராத்திரி முழுக்க அந்த நர்ஸம்மா ஒரு சின்னச் சுத்தியோடு வந்து வந்து முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் உதறுகிறதா என்று. அம்மா பயந்துபோய் "ஏம்ப்பா, எதுக்குத் தட்டிக்கிட்டே இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். மக்னீசியம் அளவு மீறினால் முதலில் அந்த உதறல் போகும், அடுத்து மூச்சு. அதனால் உதறல் இருக்கும்வரை பயமில்லை. இந்த மருந்து ஜன்னியைத் தடுப்பதற்கு ரத்தக்குழாய் தளர்வது உட்படப் பல காரணம் சொல்கிறார்கள், ஃபுட்வால்வ் இலை வேலையும் அதில் ஒன்று. குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது.

இப்போது சண்டைக்கு வந்தவரின் வேருக்கு வருவோம். 1969-ல் அமெரிக்காவில் ஜான் ஓல்னி, பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளுக்கு மோனோசோடியம் குளுட்டமேட்டை ஊசியில் போட்டு, மூளையின் அடிப்பகுதியில் நியூரான்கள் செத்ததைக் காட்டினார். தூண்டியே கொல்வது என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். நல்ல ஆராய்ச்சி, இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள், உடல் எடையில் கிலோவுக்கு 4 கிராம் வரை, அதுவும் தோலுக்கடியில் ஊசி, அதுவும் மூளையின் காவல் முழுமையாக வராத குஞ்சுக்கு, அதுவும் காவல் எப்போதுமே தளர்வாக இருக்கும் ஒரு மூலையில். அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 240 கிராம். உங்கள் மச்சான் ஒரு பிளேட் ரைஸுக்குப் போடும் சிட்டிகை அரை கிராம் தேறும், வாய் வழியாக, குடல் வழியாக. வெறும் வயிற்றில் அஜினோமோட்டோவை நிறையக் கரைத்துக் குடித்துப் பார்த்த சிலருக்குத் தலைவலி, முகம் சூடாவது வந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் எது குளுட்டமேட் என்று தெரியாமல் கொடுத்துச் சோதித்தபோது அது ஒழுங்காகத் திரும்ப வரவில்லை. யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்குப் போடாமல் கொடுக்கச் சொல்லுங்கள், வாடிக்கையாளரோடு சண்டை எதற்கு. என்னைக் கேட்டால் அந்த வண்டியில் கவலைப்பட வேண்டியது சோயா சாஸும் உப்பும் சேர்ந்து ஏற்றும் சோடியமும், நாலு நாளாகக் கொதிக்கும் எண்ணெயும்தான்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை. பாடப்புத்தகத்தில் என்எம்டிஏ ஏற்பி படம் இருந்தால் துளைக்குள் மக்னீசியம் வரைந்திருக்கிறதா, இரண்டாவது சாவிக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல புத்தகங்களில் குளுட்டமேட் வந்ததுமே கதவு அகலத் திறந்துகொள்வது போலத்தான் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் பென்சிலால் நடுவில் ஒரு புள்ளியும் பக்கத்தில் இன்னொரு சாவியும் வரைந்துகொள்ளட்டும்.